சி.டி.சி.யின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுக்களில் யார் உட்காருகிறார்கள், யார் உட்கார வைக்கிறார்கள்?

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் நெடுநாளாக வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அட்லாண்டாவில் உள்ள சி.டி.சி. (நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள்) தன் ஆலோசனைக் குழுக்களுக்குச் சுற்றுச்சூழல் சுகாதார நிபுணர்களின் பெயர்களைப் பரிந்துரைக்கும்படி அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறதே, என்னைப் போன்றவர்கள் பெயர் கொடுக்கலாமா? எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அந்தக் குழுக்கள் சொல்வது எடுபடுகிறதா, இல்லை வெறும் சபை அலங்காரமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எடுபடுகிறது. எடுபடாத இடமாக இருந்தால், அங்கே யாரை உட்கார வைப்பது என்று அமைச்சர்களும் தொழில் நிறுவனங்களும் வழக்கறிஞர்களும் இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். என் கருத்தில், குழு கூடிப் பேசும் நாளில் முடிவாவதைவிட, குழுவுக்கு ஆள் சேர்க்கும் நாளில் முடிவாவதே அதிகம். இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே அது தெரிந்துவிடும்.

சி.டி.சி. என்றதும் தொற்றுநோயும் தடுப்பூசியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே கூரையின் கீழ் 1980 முதல் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அதையொட்டி ஏ.டி.எஸ்.டி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு முகமையும் இருக்கிறது. நச்சுப்பொருள்களால் மக்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்வதும் பதிவேடு வைப்பதும் அதன் வேலை. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனால் என்ற குடியிருப்பு, ரசாயனக் கழிவைப் புதைத்த பழைய கால்வாயின் மேலும் பக்கத்திலும் எழுந்திருந்தது. 1978இல் அது நாடறிந்த செய்தியானது. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக நச்சுக்கழிவு இடங்களைச் சுத்தம் செய்ய 1980 டிசம்பரில் வந்த 'சூப்பர்ஃபண்ட்' சட்டத்தில்தான் இந்த முகமை பிறந்தது. இரண்டும் இப்போது ஒரே தலைமையின் கீழ் இயங்குபவை. இரண்டுக்கும் சேர்த்து ஓர் அறிவியல் ஆலோசகர் வாரியம் உண்டு. குழந்தைகளின் உடலில் சேரும் காரீயம் பற்றி ஆலோசனை சொல்லத் தனிக் குழுவும் இருந்துவந்திருக்கிறது.

சொந்தமாகவே நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வெளியாள் எதற்கு என்று கேட்கலாம். உள்ளே இருப்பவர் வாயைத் திறக்க முடியாத நேரங்கள் வரும் என்பதுதான் பதில். கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களை நடுவண் பேரிடர் முகமை டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. அவற்றின் காற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு இருந்தது. 2007 பிப்ரவரியில் ஏ.டி.எஸ்.டி.ஆர். கொடுத்த ஆய்வறிக்கை, பேரிடர் முகமையின் வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி எழுதப்பட்டது. நீண்டகாலம் அந்தக் காற்றைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. முகமையின் மூத்த நச்சியல் நிபுணரான கிறிஸ்டோபர் டி ரோசாவிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. பார்த்தபின் அவர் ஆட்சேபித்தார். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. உள்ளிருக்கும் அறிவைத் தாண்டிப் போக எத்தனையோ வழிகள் இருக்கும்போது, பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது நல்லது.

இந்தக் குழுக்களுக்கெல்லாம் அடிப்படை, 1972இல் வந்த நடுவண் ஆலோசனைக் குழுச் சட்டம். குழுவுக்கு எழுத்து வடிவில் சாசனம் வேண்டும். கூட்ட நாளை அரசிதழில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பொறுப்பதிகாரி ஒருவர் உடனிருக்க வேண்டும். முக்கியமானது, கருத்துகளில் ஒரு சமநிலை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'சமநிலை' என்றால் என்ன என்பதைத்தான் அது விளக்கவில்லை. பிறகு நடந்த சண்டைகளில் பாதி அந்த இடைவெளியில் நடந்தவை.

ஆள் சேர்ப்பு இப்படி நடக்கும். அரசிதழில் அறிவிப்பு வரும். நச்சியல், நோய்ப்பரவியல், சுற்றுச்சூழல் மருத்துவம், தொழில்சார் மருத்துவம், நடத்தை அறிவியல், இடர் மதிப்பீடு, மக்கள் எவ்வளவு நச்சுக்கு ஆளாகிறார்கள் என்று அளக்கும் துறை, பொதுச் சுகாதாரம் என்று வேண்டிய துறைகள் அதில் இருக்கும். தன்விவரக் குறிப்பும், குறைந்தது ஒரு பரிந்துரைக் கடிதமும் அனுப்ப வேண்டும். அந்த ஒரு கடிதமாவது அமெரிக்கச் சுகாதாரத் துறையில் வேலை பார்க்காத ஒருவரிடமிருந்து வர வேண்டும். சி.டி.சி. அதிகாரிகள் வந்தவற்றைச் சலித்து ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். பட்டியல் வாஷிங்டனுக்குப் போகும். சுகாதாரத் துறைச் செயலர், அதாவது நம் ஊர்க் கணக்கில் அமைச்சர், அதிலிருந்து நியமிப்பார். பட்டியலில் இல்லாதவரையும் நியமிக்கலாம்.

கதை முழுவதும் அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. பட்டியல் போடுவது விஞ்ஞானிகள். கையெழுத்துப் போடுவது அரசியல்வாதி.

காரீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பெட்ரோலில் காரீயக் கலவை சேர்க்கத் தொடங்கிய 1920களிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு, அமெரிக்காவில் காரீயத்தின் நச்சு பற்றிய 'நிபுணர்' என்றால் ராபர்ட் கெஹோதான். அவர் சின்சினாட்டியில் நடத்திய ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தக் கலவையைத் தயாரித்து விற்ற நிறுவனங்கள். தீங்கு உண்டு என்று நிரூபித்தால் நிறுத்திக்கொள்வோம் என்பது அவர்கள் நிலை. நிரூபிக்கும் ஆய்வகங்களோ அவர்கள் கையில். 1960களில் இதை உடைத்தவர் மருத்துவரே அல்லர். பூமியின் வயதை ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த புவி வேதியியலாளர் கிளேர் பாட்டர்சன். தன் ஆய்வகத்தில் எங்கு பார்த்தாலும் காரீயம் கலந்திருந்து கணக்கைக் கெடுத்ததால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனவர் அவர். மனிதர் உடலில் இருக்கும் காரீயத்தை 'இயல்பான அளவு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இயல்பானது அல்ல, தொழில்யுகம் கொண்டுவந்து சேர்த்தது என்று 1965இல் எழுதினார்.

காற்றில் உள்ள காரீயத்தைப் பற்றி ஆராய 1971இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் காலத்தில் அந்தப் பொருளைப் பாட்டர்சன் அளவுக்கு நுட்பமாக அளக்கத் தெரிந்தவர் வேறு யார்? அவருக்கு இடமில்லை. 1978இல் அமைந்த அடுத்த குழுவில் சேர்த்தார்கள். மற்றவர்கள் எழுதியது போதாது என்று அவர் தனியாக நீண்ட மாறுபட்ட அறிக்கை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் அவர் கேட்டவற்றில் பலவும் பின்னால் நடைமுறைக்கு வந்தன. முதல் குழுவில் அவர் இல்லாமல் போனது தற்செயலா என்ற முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு காரீயம் இருந்தால் அதிகாரிகள் தலையிட வேண்டும் என்ற எண் இதே காலத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 60 மைக்ரோகிராம் என்பது 1960களின் கணக்கு. 1970இல் 40, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10. ஒவ்வொரு முறை எண் இறங்கும்போதும் பல்லாயிரம் குழந்தைகள் ஒரே நாளில் 'கவனிக்க வேண்டியவர்' ஆகிறார்கள்; வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் செலவு வருகிறது; வண்ணப்பூச்சு நிறுவனங்கள் மேல் வழக்கு வருகிறது. இந்த எண்ணைப் பற்றி அப்போது ஆலோசனை சொல்லிவந்தது சி.டி.சி.யின் குழந்தைகள் காரீய நச்சுத் தடுப்புக் குழு.

2002இல் அந்த எண்ணை 10இலிருந்து இன்னும் குறைப்பதா என்ற பேச்சு எழுந்தது. குழுவில் சில இடங்கள் காலியாகின. சி.டி.சி. அதிகாரிகள் கொடுத்த பெயர்களில் புரூஸ் லான்ஃபியரும் சூசன் கிளிட்ஸ்மனும் இருந்தார்கள். ஏற்கனவே குழுவில் இருந்த குழந்தை மருத்துவர் மைக்கேல் வைட்ஸ்மனுக்கு மறுநியமனம் கேட்டிருந்தார்கள். அப்போதைய சுகாதாரச் செயலர் டாமி தாம்சனின் அலுவலகம் மூவரையும் ஏற்கவில்லை. மாற்றாக வந்த பெயர்களில் ஒருவர், காரீய வண்ணப்பூச்சு நிறுவனங்களின் தரப்பில் நிபுணர் சாட்சி சொன்னவர். நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்ட் மார்க்கி இதையெல்லாம் தொகுத்து அந்த அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, குழுவுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதே லான்ஃபியர் பங்கேற்ற ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கும் அறிவுத்திறன் குறைகிறது என்பதே அதன் முடிவு.

சி.டி.சி. 2005இல் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பான அளவென்று ஒன்று தென்படவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு 10ஐ அப்படியே வைத்துக்கொண்டது. 2002 நியமனங்கள்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அளவுக் கருவிகளின் துல்லியம், எண்ணைக் குறைத்தாலும் கொடுப்பதற்குச் சிகிச்சை இல்லாத நிலை என்று வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனால் அந்த மேசையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு அறிக்கையைப் படிப்பது ஒரு விதம், தெரியாமல் படிப்பது வேறு விதம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரியில் குழு எண்ணை மாற்றச் சொன்னது. மே மாதம் சி.டி.சி. ஏற்று 5 ஆக்கியது. அந்த நிதியாண்டுக்கு நாடாளுமன்றம் காரீயத் தடுப்புத் திட்டத்துக்கான பணத்தை ஏறக்குறைய 2.9 கோடி டாலரிலிருந்து 20 லட்சம் டாலருக்கு வெட்டியது. 2013இல் குழுவின் சாசனமே காலாவதியாகிவிட்டது. 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் குடிநீர் எடுக்கும் இடத்தை மாற்றியது. அதன் பிறகு பழைய குழாய்களின் காரீயம் குடிநீரில் கலந்தது உலகத்துக்கே தெரியும். அந்த அவமானத்துக்குப் பிறகு 2016 டிசம்பரில் வந்த சட்டம் புதிதாக ஒரு காரீயக் குழுவை அமைக்கச் சொன்னது. நோய்ப்பரவியலாளர், நச்சியலாளர், குழந்தை மருத்துவர் ஆகியோரோடு, மனநலப் பணியாளர், சிறப்புக் கல்வியாளர், ஊட்டச்சத்து நிபுணர் ஆகியோரும் வேண்டும் என்று சட்டமே சொன்னது. காரீயம் பட்ட குழந்தைக்கு மருத்துவமனையில் செய்யக்கூடியது சொற்பம். பள்ளிக்கூடத்திலும் சமையலறையிலும் செய்யக்கூடியதே அதிகம் என்ற புரிதல் அதில் இருந்தது. ஆள் சேர்ப்பு விதிகளில் நான் பார்த்த புத்திசாலித்தனமான வரிகள் அவை.

எண்ணை 3.5 ஆக்கலாம் என்று அறிவியல் ஆலோசகர் வாரியம் 2017 ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. அந்தப் பரிந்துரை கிடப்பில் கிடந்தது. 2021 மே மாதம் புதிய காரீயக் குழு ஒருமனதாக அதையே சொன்னது, அக்டோபரில் சி.டி.சி. ஏற்றது. அலங்காரமா என்று கேட்டீர்கள். ஆலோசனையை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த அரசுக்கும் இல்லை. ஆனால் பொதுக் கூட்டத்தில் பதிவாகிவிட்ட பரிந்துரையை அழிக்க முடியாது. இன்னொரு நாள் அது எழுந்து வரும்.

பணத்தொடர்பு பற்றியும் பேச வேண்டும். குழுவில் சேர்பவர் பெரும்பாலும் 'சிறப்பு அரசு ஊழியர்' என்ற வகையில் வருவார். ஆண்டுக்கு 130 நாளுக்கு மேல் வேலை செய்யாத ஊழியர் என்று பொருள். எந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறார், யாரிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறார், மனைவி அல்லது கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதையெல்லாம் ரகசியப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். தன் வருமானத்தைப் பாதிக்கும் விஷயத்தில் கலந்துகொள்வது குற்றவியல் சட்டப்படி தவறு. அவருடைய அறிவு அந்தச் சிக்கலைவிட முக்கியம் என்று நியமிப்பவர் எழுதிக் கொடுத்தால் விலக்கும் உண்டு. காகிதத்தில் இதெல்லாம் கச்சிதம்தான்.

2017 அக்டோபர் 31 அன்று இந்த விதி தலைகீழாகத் திருப்பப்பட்டது. செய்தது சி.டி.சி. அல்ல, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதன் அப்போதைய தலைவர் ஸ்காட் புரூயிட், முகமையிடம் ஆராய்ச்சி மானியம் வாங்குபவர் எவரும் அதன் ஆலோசனைக் குழுக்களில் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அறிவிக்கும்போது விவிலியத்தின் யோசுவா ஆகமத்தை வேறு துணைக்கு அழைத்தார். கேட்பதற்கு நியாயம்போல ஒலிக்கும். ஆனால் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங்கும் மானியம் போட்டியில் கிடைப்பது. ஆய்வின் முடிவு எப்படி வந்தாலும் பணம் வரும். நிறுவனத்திடம் சம்பளம் வாங்குபவருக்கு அப்படியா? இந்த உத்தரவால் காற்று மாசை வாழ்நாளெல்லாம் படித்தவர்கள் வெளியே போக, அந்த மாசை வெளிவிடும் தொழில்களின் ஆட்கள் உள்ளே வர இடம் கிடைத்தது. 2018இல் நுண்துகள் மாசுக்கான தனிக் குழுவையே கலைத்தார்கள். கலைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மறு ஆண்டு சொந்த முயற்சியில் கூடி, யாரும் கேட்காமலேயே அறிக்கை எழுதிப் பொதுப் பதிவில் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பிடிவாதம் அது. 2020இல் நீதிமன்றங்களில் அந்த உத்தரவு தோற்றது.

ஒரு கட்சிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில், அடுத்த ஆட்சியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவரான மைக்கேல் ரீகன், அதன் இரண்டு முக்கியக் குழுக்களிலும் இருந்த எல்லோரையும் மொத்தமாக அனுப்பிவிட்டு விண்ணப்பத்தைப் புதிதாகக் கோரினார். காரணம் நியாயமானதாகவே எனக்குப் பட்டது. ஆனால் மொத்தமாகக் கலைக்கும் பழக்கத்தை ஒருவர் தொடங்கினால் மற்றவர் கற்றுக்கொள்வார். 2025 ஜூனில் சுகாதாரச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர் சி.டி.சி.யின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் இருந்த 17 பேரையும் ஒரே நாளில் நீக்கினார். அது வேறு துறை, வேறு சண்டை. நியமிக்கும் கைதான் நீக்கும் கையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழில்துறை ஆட்களை அறவே சேர்க்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் உலோக உருக்காலையின் புகைபோக்கியில் என்ன வருகிறது என்பது உள்ளே வேலை பார்த்தவருக்குத் தெரிந்த அளவு பேராசிரியருக்குத் தெரியாது. அவரை ஒரு தரப்பின் பிரதிநிதி என்று வெளிப்படையாக அழைத்துப் பேச வைக்கலாம். சட்டத்திலேயே அதற்கு வழியிருக்கிறது. தரப்பாளரை நடுநிலையாளர் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் தவறு.

எல்லோரும் பணத்தொடர்பையே பேசுவதால் இன்னொரு குறை கண்ணில் படாமல் போகிறது. இந்தக் குழுக்களில் பல்கலைக்கழகம் நிறைந்து வழியும். களத்தில் நிற்பவர் குறைவு. சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். 2023இல் வட கரோலினாவின் ஹிக்கரி நகரில் சில குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்தது. வீட்டில் பழைய வண்ணப்பூச்சோ குழாயோ காரணமாகத் தெரியவில்லை. மாநில, உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விடாமல் கேட்டு, பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பாக்கெட்டைப் பிடித்தார்கள். பட்டைத் தூளில் லெட் குரோமேட் என்ற காரீய நிறமி கலந்திருந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தது அதன் பிறகே தெரிந்தது. ஃபிளின்டில் அதிகாரிகள் மறுத்ததை மீறி ரத்தப் பரிசோதனைக் கணக்கைப் பொதுவில் வைத்தவர், உள்ளூர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா.

நம் ஆட்களுக்கு நேரடியாகத் தொடர்புடையதும் ஒன்று உண்டு. 2011-12இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, காரீய நச்சுக்கு ஆளான கர்ப்பிணிப் பெண்கள் ஆறு பேரைக் கண்டறிந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். மஞ்சள் தூளில் நிறத்துக்காகச் சேர்க்கும் லெட் குரோமேட், சில குங்குமம், சில கண்மை என்று பட்டியல் நீளும். அமெரிக்காவில் காரீயம் என்றால் பழைய வீட்டு வண்ணப்பூச்சு என்றே பயின்ற ஒருவருக்கு, தமிழ் வீட்டின் அஞ்சறைப் பெட்டியையும் ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய லேகியத்தையும் பற்றிக் கேட்கத் தோன்றாது. கேட்டாலும் வீட்டுக்காரர் மனம் நோகாமல் கேட்கத் தெரியாது. உங்களைப் போன்றவர் அந்த மேசைக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பாதிக்கப்பட்டவர்களையே நிபுணராக ஏற்ற இடமும் உண்டு. வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் 1950களிலிருந்து 1980கள் வரை குடிநீரில் கரைப்பான் ரசாயனங்கள் கலந்திருந்தன. அங்கே பணியாற்றிய ஜெர்ரி என்ஸ்மிங்கரின் மகள் 1985இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். 2006இல் ஏ.டி.எஸ்.டி.ஆர். அமைத்த சமூக உதவிக் குழுவில் அவரைப் போன்றவர்கள் உறுப்பினரானார்கள். பட்டம் எதுவும் இல்லாமல் அவர்கள் ராணுவத்தின் பழைய கோப்புகளைத் தாள் தாளாகப் புரட்டினார்கள். முகமை 1997இல் எழுதிய மதிப்பீட்டில் பென்சீன் கணக்கிலேயே வரவில்லை என்பது வெளிப்பட்டு, 2009இல் அந்த அறிக்கையை முகமை திரும்பப் பெற்றது. 2012இலும் 2022இலும் முகாமில் வாழ்ந்தவர்களுக்குச் சிகிச்சையும் வழக்குத் தொடரும் உரிமையும் தரும் சட்டங்கள் வந்தன. ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஆள் எடுத்திருந்தால் இவர்களில் ஒருவரும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் காரியம். முதல் கேள்வி குடியுரிமை. இந்தக் குழுக்களுக்கு அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கும்; கிரீன் கார்டு போதாது. நடுவண் அரசின் முழுநேர ஊழியருக்கும் பொதுவாக அந்த இடங்கள் கிடையாது. மாநில, மாவட்ட, மாநகரச் சுகாதாரத் துறை ஊழியருக்குத் தடையில்லை. அவர்கள் பலர் தடை இருப்பதாக நினைத்தே ஒதுங்கிவிடுகிறார்கள்.

நம் பெயரை நாமே முன்மொழிவது தற்புகழ்ச்சி என்று நம்மவர்கள் கூசுவார்கள். கூச வேண்டியதில்லை, தானே பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு தெளிவாகச் சொல்லும். தன்விவரக் குறிப்பில் கட்டுரைகளை வரிசையாக அடுக்குவதைவிட, நீங்கள் எடுத்த முடிவால் எந்த ஆலையில், எந்த ஊரில், எந்த விதியில் என்ன மாறியது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சலிப்பவர்கள் துறைவாரியாகத்தான் பார்ப்பார்கள்: இந்த ஆண்டு யார் ஓய்வு பெறுகிறார், அவர் விட்டுப்போகும் துறை எது என்று. இப்போதைய உறுப்பினர் பட்டியலும் பதவிக்காலமும் பொதுவில் இருக்கின்றன. நச்சியலாளர் இருவர் நடுப்பதவிக் காலத்தில் இருக்கும் ஆண்டில் மூன்றாவது நச்சியலாளர் எவ்வளவு பெரிய ஆளானாலும் தேறுவது கடினம். ஒரு முறை வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு அதே விண்ணப்பத்தை மறுபடி பார்க்கும் வழக்கமும் உண்டு.

பரிந்துரைக் கடிதத்தைப் புகழ்பெற்றவரிடம் வாங்குவதைவிட உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம் வாங்குங்கள். பெரிய பேராசிரியரின் நான்கு வரிப் பொதுப் புகழ்ச்சிக் கடிதங்கள் எத்தனையோ வந்து கிடக்கும்.

தொழில்சார் சுகாதாரத்தில் நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்திருந்தால், அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வழக்குகளில் நிபுணர் சாட்சி சொல்லியிருந்தால் எந்தத் தரப்புக்கு என்பதையும் சொல்லுங்கள். பின்னால் செய்தியாளர் ஒருவர் கண்டுபிடித்து எழுதினால் போவது உங்கள் பெயர் மட்டுமல்ல. குழு அந்த ஆண்டு சொன்னதெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். வருமானம் என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பயணச் செலவும் சிறு மதிப்பூதியமும்தான். பதவிக்காலம் நான்கு ஆண்டு வரை. கூட்டங்கள் ஆண்டுக்குச் சில நாள்தான் என்றாலும், அதற்கு முன் அனுப்பிவைக்கும் கத்தையைப் படிக்காமல் போனால் உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை.

காலம் உகந்ததா என்றும் யோசித்திருப்பீர்கள். 2025 ஏப்ரலில் நடந்த ஆட்குறைப்பில் சி.டி.சி.யின் குழந்தைக் காரீயத் தடுப்புப் பிரிவு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பள்ளிக் கட்டடங்களில் காரீயம் இருப்பது தெரிந்து உதவி கேட்ட மில்வாக்கி நகரத்துக்கு, அனுப்ப ஆளில்லை என்ற பதில் கிடைத்தது. ஆலோசனையைக் கேட்டு வேலை செய்ய ஊழியரே இல்லாமல் போகக்கூடிய இடத்தில் ஆலோசகருக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயம்தான். ஆகவே ஒரே கதவையே தட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பேன். மாநிலங்களும் பெரிய மாநகரங்களும் தங்கள் சுகாதாரத் துறைகளுக்குத் தனியாகக் குழுக்கள் வைத்திருக்கின்றன. அவற்றின் குடியுரிமை விதி இடத்துக்கு இடம் மாறும், போட்டியும் குறைவு. அங்கே உட்கார்ந்து பழகியவர் பெயர் அட்லாண்டா பட்டியலில் எடுபடவும் செய்யும்.

குடியுரிமை இல்லாதவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஏ.டி.எஸ்.டி.ஆர். வெளியிடும் ஒவ்வொரு நச்சுப்பொருள் விவரத் தொகுப்பும் வரைவாக வந்து, யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று சில வாரங்கள் திறந்திருக்கும். ஆலோசனைக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்குவார்கள்; முன்கூட்டிப் பெயர் பதிவு செய்தால் சில நிமிடம் கிடைக்கும். அங்கே போய்ப் பொதுவாகப் பேசாதீர்கள். உங்கள் பகுதியில் எந்த மசாலாப் பொட்டலத்தில், எந்த மருந்தில், எவ்வளவு காரீயம் அளந்தீர்கள், எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுத்தில் கொடுத்தது கூட்டப் பதிவில் சேர்ந்துவிடும்.